கடைக்காரரின் கைபேசியில் வெயில்

பாரிஸின் லா ஷப்பலில் திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு மளிகைக் கடைக்குள் ஓடி ஒதுங்குகிறேன். நடைபாதையில் பரப்பிவைத்த முருங்கைக்காய்ப் பெட்டிகளும் வல்லாரைக் கட்டுகளும் நனைகின்றன. கடைக்காரரோடு சேர்ந்து நானும் அவற்றை உள்ளே இழுக்கிறேன்.

“கிழமை முழுக்க வெயில் எண்டெல்லோ போட்டிருக்கு!” என்று கைபேசியை என்னிடம் நீட்டுகிறார். வரிசையாகச் சூரியன்கள், வியாழனில் மட்டும் ஏதோ புழுதிப் படம். வெப்பம் நாற்பதைத் தாண்டுகிறது. மேலே இருக்கும் பெயர் பாரிஸ் இல்லை.

“அண்ணே, இது எந்த ஊருங்க?”

அவருக்கும் அப்போதுதான் உறைக்கிறது. “இது சகாராவிலை ஒரு சின்ன ஊர். மகள் அங்கை நேர்ஸ். போகாதை எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கிறேல்லை. அதாலை இதைத்தான் பாக்கிறன்.”

ஈரம் பட்ட திரையைச் சட்டையில் துடைக்கிறார்.

“வியாழன் மணல் காத்தாம். யன்னலைச் சாத்துவாள்தானே?”

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. “சாத்திடுவாங்க அண்ணே,” என்கிறேன்.

அவர் தலையாட்டுகிறார். பிறகு போய், அவ்வளவு நேரமும் சாரல் அடித்துக்கொண்டிருந்த தன் கடைக் கதவைச் சாத்துகிறார்.