பல்லைக் கடித்த நர்ஸம்மா

கர்ப்பப்பையில் சதை எடுத்து டெஸ்ட் பண்ண, பனியன் கம்பெனியில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். "சீக்கிரம் விட்டுருங்க, ஷிப்ட்டுக்குத் திரும்பணும்" என்று நர்ஸிடம் சொன்னேன். காதோரம் நரைத்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கருவியை எடுக்கும்போதெல்லாம் முதலில் அவர்தான் பல்லைக் கடிப்பார். அதற்கப்புறம்தான் எனக்கு உயிர் போகும்.

முடிந்து நான் சேலையைச் சரிசெய்கையில் அவர் சொன்னார்: "மரத்துப்போற ஊசி போட்டிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காதுங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அதுக்கு இன்னும் அர மணி நேரம் ஆகும் கண்ணு. நீங்கதான் அவசரம்னீங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் கோபப்படுவதா என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஷிப்ட்டுக்கு நேரத்தோடு போய்விட்டேன். மிஷினில் உட்காரத்தான் முடியவில்லை.