நூலகத்தில் ஒரு முடிவெட்டு

கத்திரிக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியிருக்கும். பட்டாளத்தில் சிப்பாய்களுக்கு முடி வெட்டிய மனிதர். அங்கே வைத்த அந்தப் பட்டப்பெயர் ஓய்வுபெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. ஊர் நூலகம் தன் வரலாற்றுப் பிரிவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, பதக்கம், சீருடை என்று கேட்டு வாங்கியபோது, "துப்பாக்கி பிடிச்சவன் போகட்டும். சீப்பு பிடிச்சவனுக்கு அங்க என்ன வேலை?" என்று சொல்லிவிட்டார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவர் வெளியே போன நேரம் பார்த்து, பட்டாளத்தில் அவர் பிடித்த முடிவெட்டும் கை மெஷினைக் கொண்டுபோய் நூலகத்தில் கொடுத்துவிட்டாள்.

வந்ததே வினை! மாதாமாதம் பழைய கூட்டாளிகளுக்கு அவர் முடி வெட்டுவது அந்த மெஷினால்தான். வேறு எதுவும் அவர் கைக்குப் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து நிற்பார்கள். மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"உன்னை யாருடி கேட்டா?"

"யாரும் கேக்கலைன்னுதான் நானே கொடுத்தேன்," என்றாள் அவள்.

கத்திரி நூலகத்துக்கு ஓடினார். நூலகர் அம்மாள் நல்ல மாதிரிதான். ஆனால் சட்டம் பேசுவதில் கில்லாடி. "சேகரிப்புல எண் போட்டாச்சுங்க. இனி இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது."

"அப்போ அவனுங்க தலையை எல்லாம் நான் என்ன பண்றது?"

"இங்கயே கூட்டிட்டு வாங்களேன்."

அம்மாளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பதக்கத்தைத் தாராளமாகக் கொடுத்த வீரர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரித்தாயிற்று. எல்லாருக்கும் தெரிந்தே கருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. முடி வெட்டும்போது வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும், சொல்லுங்கள்!

கடைசியாக உட்கார்ந்தவர் லாரி டிரைவர். போர்முனைக்கு வெடிகுண்டு ஏற்றிப் போனவர். அதைப் பற்றிப் பெற்ற பிள்ளைகளிடம்கூட மூச்சு விட்டதில்லை.

"அந்த வழியில எப்படித்தான் உயிரோட திரும்பினீங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"இவனாலதான்," என்றார் டிரைவர்.

கத்திரியின் கையிலிருந்த மெஷின் பாதியில் நின்றது.

"லாரி கிளம்புற அன்னிக்கு முடி வெட்டுவான். காதுக்குப் பின்னால மட்டும் கொஞ்சம் விட்டுடுவான். 'மிச்சத்தைத் திரும்பி வந்து வெட்டிக்கோடா'ம்பான். வழியில குண்டு விழும்போதெல்லாம் என் கை காதுக்குப் பின்னால போகும். அந்த மிச்சத்தை வெட்டிக்கணுமேன்னு ஓட்டிட்டு வந்து சேர்ந்துடுவேன்."

கத்திரி மெஷினை மறுபடி காதருகே கொண்டுபோனார். "தலையை ஆட்டாதடா!" என்று அதட்டினார். டிரைவரின் தலை அசையவே இல்லை. நடுங்கியது கத்திரியின் கைதான்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெஷினை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. மேலிடத்துல நான் சொல்லிக்கிறேன்."

கத்திரி மெஷினைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், பதக்கங்களுக்கு நடுவே தானே கொண்டுபோய் வைத்தார். பிறகு, கூட வந்து வாசலிலேயே தயங்கி நின்ற மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அங்க ஏன் நிக்கிற? நீ கொடுத்ததுதானே, உள்ள வந்து பாரு."