அவருக்கு ஊற்றியது

மகள் விரும்பியிருக்கும் பொடியனின் வீட்டார் எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது, உலகத்தில் வேறு தொழிலே இல்லையா என்றுதான் முதலில் நினைத்தேன். ஜேர்மனியில் ஆட்கள் பாண் சுடுகிறார்கள், பல் பிடுங்குகிறார்கள், ரயில் ஓட்டுகிறார்கள். என் மகள் தேடிப் பிடித்தது வைன் செய்கிற குடும்பத்தை. அதுவும் தலைமுறை தலைமுறையாக, இரசாயன மருந்து அடிக்காமல், இயற்கை முறையில். சாப்பாடு என்றாலும் வெறும் சாப்பாடு இல்லையாம். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமாக ஒரு வைன் வரும். ஊற்றுவார்கள், விளக்கம் சொல்லுவார்கள், நாங்கள் சுவைத்துப் பார்த்து நல்லது சொல்ல வேண்டும்.

என் கணவர் குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. விட்டார் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை வட்டமாக இருந்து கதைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. நிலவறையில் சலவைத்தூள் பெட்டிக்குள் நான் கண்டெடுத்த போத்தல்கள் இருக்கின்றன. நாங்கள் இருக்கிற வுப்பர்டாலில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குப் போவதையே நான் குறைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட மனிதரைக் கூட்டிக்கொண்டு வைன் தோட்டத்துக்கே போய் மேசையில் இருத்துவது, நானே கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் நிறுத்துவது போல இருந்தது.

மகள் போனில் கேட்டாள். "அம்மா, அப்பா குடிக்கிறேல்லை எண்டு அவையளுக்குச் சொல்லட்டோ?"

"மாடு சாப்பிட மாட்டம் எண்டு சொல்லு. அது காணும்."

"இதைச் சொன்னால் என்ன?"

"சொன்னால் ஏன் எண்டு கேப்பினம். ஏன் எண்டும் சொல்லுவியோ?"

மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போம். ஆனால் சம்பந்தியாகப் போகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கந்தசஷ்டி விரதம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். விரதக்காரர் மீனும் முட்டையும் எப்படிச் சாப்பிடுவார் என்று மகள் கேட்டாள். பொய் சொல்ல ஏலாது என்றும் சொன்னாள்.

பல்கனியில் நகம் வெட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு இது கேட்டிருக்க வேண்டும். "நீங்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் பாக்கிறன்" என்றார்.

இந்த "நான் பாக்கிறன்" எனக்கு நன்றாகப் பழகிய வசனம். அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் வேலையிடத்தில் பிரச்சினை என்றாலும் இதைத்தான் சொல்லுவார். கடைசியில் பார்ப்பது நான். அதனால் என் பாட்டில் ஒரு திட்டம் போட்டுக்கொண்டேன். அவருக்குப் பக்கத்தில் இருப்பது. அவருக்கு ஊற்றுவதை எடுத்து நான் குடித்துவிடுவது. கோயில் தீர்த்தத்தைத் தாண்டி எந்த மதுவையும் குடித்திராத எனக்கு, அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

கோப்லென்ஸ் தாண்டி ரயில் ரைன் கரையோடு போனது. மலைச்சரிவெல்லாம் திராட்சை. ஊர் பார்க்க வந்தவர்கள் ஜன்னலில் போனை ஒட்டிப் படம் எடுத்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையைத் திறந்து மூடினேன். சேலை கட்டியிருக்கலாமோ என்று யோசித்தேன். அவர் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறாரா என்று அவருடைய முகத்தைப் பார்த்தபடியே வந்தேன். யோசித்தால் எதை யோசிக்கிறார் என்று வேறு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஸ்டேஷனுக்குப் பொடியனும் மகளும் வந்திருந்தார்கள். பொடியன் நல்ல பிள்ளை, கையில் மண்ணும் முகத்தில் வெயிலும் உள்ள பிள்ளை. "வணக்கம்" என்று தமிழில் சொல்லிப் பழகி வைத்திருந்தான். அவனுடைய தகப்பன் எங்களை நேரே தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். வரிசைகளுக்கு நடுவில் புல்லும் கடுகும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. நான் களை என்று நினைத்ததை அவர் வேண்டுமென்றே விதைத்திருக்கிறாராம். என் கணவர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், அறுவடைக்குத் தப்பிய குலையில் ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டார். பழத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது பீப்பாய்கள் இருக்கும் நிலவறை. கதவைத் திறந்ததுமே உள்ளேயிருந்து புளித்த வாடை வந்தது. என் கணவர் வாசலில் நின்றுவிட்டார். "நான் வெளியிலை நிக்கிறன்" என்று என்னிடம் சொன்னார். உள்ளே போனால் இவரைத் தனியே விட வேண்டும். போகாவிட்டால் அந்த மனிதருக்கு மரியாதை இல்லை. நான் படியில் பாதி தூரம் இறங்கி, அவருடைய சப்பாத்து தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, மரப் பீப்பாய் பற்றிய விளக்கத்துக்கெல்லாம் தலையாட்டினேன்.

பிறகு மேசை. வெள்ளை விரிப்பு, ஆளுக்கு ஒரு கிளாஸ், நடுவில் ஒரு மண் சாடி. சாடி எதற்கு என்று பொடியனின் தகப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் குடிக்க வேண்டியதில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், மிச்சத்தையும் அதற்குள்ளேயே ஊற்றலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். எனக்கு முகம் சுளித்துவிட்டது. விருந்து தந்தவனுக்கு முன்னால், அவன் தந்ததைத் துப்புவதா? எங்கள் வீட்டில் ஒருவர் அப்படிச் செய்தால் அடுத்த கிழமை கதை பீலெஃபெல்ட் நகரம் வரை போயிருக்கும். அதைவிட, எல்லாருடைய மிச்சமும் சேர்கிற சாடி என் கணவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை மெல்ல மற்றப் பக்கம் தள்ளி வைத்தேன். பொடியனின் தாய், என் கைக்கு எட்டாது என்று நினைத்து அன்பாக எடுத்துத் திரும்பவும் நடுவில் வைத்தார். நான் திரும்பவும் தள்ளினேன்.

முதலில் பூசணி சூப் வந்தது. வைனைத் தாய் பெண்களுக்கு ஊற்றிக்கொண்டு வந்தார், தகப்பன் ஆண்களுக்கு. வெளிர் மஞ்சளாக இரண்டு கிளாஸும் அருகருகே நின்றன. நான் என்னுடையதைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்தேன். புளி. பல்லெல்லாம் கூசியது. உடனே கையை நீட்டி அவருடையதை எடுத்தேன்.

"இஞ்சை பாரும், அதை விடும், அது..." என்றார்.

"பேசாமல் இருங்கோ" என்றேன்.

அவருடையதையும் குடித்தேன். இது இனித்தது. வைனில் இத்தனை விதமா என்று நினைத்தேன். இனிப்பு என்றபடியால் எனக்குப் பயம் கூடியது. புளியை ஒரு மனிதன் வேண்டாம் என்று தள்ளலாம். இந்த இனிப்பைத் தொட்டால் விடுவானா?

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சூப்பைக் குடிக்கத் தொடங்கினார்.

அடுத்தது வெங்காயமும் முட்டையும் போட்டுச் சுட்ட அப்பம். புதிதாக ஊற்றினார்கள். என்னுடையது புளி, அவருடையது இனிப்பு. இரண்டையும் முடித்தேன். மேசையில் மிச்சம் இருக்கக்கூடாது என்பதுதான் என் கணக்கு. புகையில் வாட்டிய மீன் வந்தபோது என் காது சூடாகியிருந்தது. மீனுக்கு இந்த வைன் ஏன் பொருந்தும் என்று தகப்பன் நீளமாகச் சொல்ல, நான் டொச் மொழியில் "மிக அருமை, மிக அருமை" என்றேன். எனக்கு எதிரே மகளின் கண் பெரிதாகிக்கொண்டு போனது. "அம்மா, போதும்" என்று தமிழில், சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அப்போதுதான் பொடியனின் தாய், நெடுநேரமாகக் கவனித்தவர், கரண்டியை வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டார். மனைவி கணவனின் கிளாஸிலிருந்து குடிப்பது உங்கள் வழக்கமா?

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஆமாம், வழக்கம், சேர்ந்து வாழ்வதற்கு அடையாளம் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தன் புருஷனின் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். மகளையும் அப்படிச் செய்யச் சொன்னார். மகள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு பொடியனின் கிளாஸை எடுத்தாள். எங்கள் இனத்துக்கு அன்றைக்கு நான் ஒரு புதுச் சம்பிரதாயம் செய்து கொடுத்தேன். எனக்குள் சிரிப்பு முட்டியது. சிரிப்போடு அழுகையும் வரும்போல இருந்தது. என் கணவர் மட்டும் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நான் வென்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

கடைசியாகப் பிளம்ஸ் கேக். கடைசிக் கிளாஸ். நான் கை நீட்டுவதற்கு முதல் அவர் கிளாஸின் மேல் தன் கையை வைத்தார்.

"இதையெண்டாலும் நான் குடிக்கிறன்" என்றார்.

"வேண்டாம்."

"கையை எடும்."

"வேண்டாமப்பா, இவ்வளவு நேரமும் இருந்திட்டீங்கள், இன்னும் கொஞ்சந்தான்." என் குரல் உயர்ந்துவிட்டது. கிளாஸைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. அது சரிந்து, வெள்ளை விரிப்பில் கொட்டி, கேக் வரை ஓடியது.

பொடியனின் தகப்பன் தன் கைத்துண்டை எடுத்து ஈரத்தின் மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாகச் சொன்னார். அது சாறு மட்டும்தான். எங்கள் பழத்திலிருந்து பிழிந்தது, புளிக்க விடாமல் தனியாக வைத்திருந்தேன். உங்கள் கணவர் போன கிழமை எனக்குப் போன் எடுத்தார். தான் ஏன் குடிப்பதில்லை என்றும் சொன்னார். மேசையில் அதைப் பெரிதாகப் பேச வேண்டாம், மனைவிக்குச் சங்கடமாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

"எல்லாமா?" என்று கேட்டேன்.

"எல்லாம்."

பொடியனின் தாய் தன் கையிலிருந்த புருஷனின் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். மகளுக்கும் இது தெரியாது என்று அவளுடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தகப்பன் போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து திரும்பவும் ஊற்றினார். என் கணவர் குடித்தார். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். குடித்து முடித்துவிட்டு, புளிக்காமல் எப்படி நிறுத்துவது என்று கேட்டார். சூடாக்கிப் போத்தலில் அடைப்பது பற்றி இரண்டு ஆண்களும் கதைத்தார்கள். நான் ஈரமான விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த மேசையோடு நிலத்துக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

திரும்பும் ரயில் பிந்தியது. மகள் எங்களோடு நிற்கப் பார்த்தாள், அவர்தான் போகச் சொன்னார். பிளாட்போமின் கடைசியில், புதருக்குப் பக்கத்தில் குனிந்து அவ்வளவையும் வாந்தியெடுத்தேன். அவர் என் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தார். நெற்றியைத் தாங்கினார். தண்ணீரை உடனே குடிக்க விடவில்லை, முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு வாங்குப் பலகையில் இருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தந்தார். எதற்குப் பிறகு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"முதல் கிளாஸிலை சொல்லத்தான் வந்தனான். நீர்தான் ‘பேசாமல் இருங்கோ’ எண்டனீர்."

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"பிறகு எனக்குக் கோவம் வந்திட்டுது."

ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது.

"எனக்குப் பயமா இருந்தது" என்றேன். "வீட்டை விட்டு வெளிக்கிட்ட நேரத்திலை இருந்து."

"எனக்கும்தான் பயம். அதுதான் அந்த நிலவறைக்குள்ளை வரேல்லை. ஒரு நாளைக்கு வைன் இருக்கிற மேசையிலை முழுச் சாப்பாடும் இருந்து பாக்கவேணும், ஏலுமோ ஏலாதோ எண்டு நானே பாக்கவேணும் எண்டுதான் வந்தனான்." போத்தலின் மூடியைத் திருகி மூடினார். "நீர் அதுக்கு விடேல்லை. இப்பவும் எனக்குத் தெரியாது."

அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள், அவர் எழும்பி என் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் விழாமல் இருக்க என் முழங்கையைப் பிடித்தார்.