மடித்த இலையின் மேல் ஒரு டம்ளர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. காரைக்குடியில் ஒரு லேப்பில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற வேலை எனக்கு. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். கோயிலில் யாராவது சாமி வந்து ஆடினால்கூட, இந்தம்மாவுக்கு சுகர் ஏறியிருக்குமோ என்றுதான் என் புத்தி போகும். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். படத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு, டம்ளர் எங்கேடி என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்குப் பக்கம். அப்பா விவசாயி. கொல்லையில் வாழை நின்றதால் மத்தியானச் சாப்பாடு அவருக்கு எப்போதும் இலையில்தான். தட்டில் போட்டால் ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பார். சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்து, குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரை அதன் மேல் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஃபேன் காற்றில் இலை திறந்துகொள்ளக் கூடாதாம். ஃபேன் இல்லாத இடத்திலும் இதே கதைதான், கல்யாணப் பந்தியில்கூட விட மாட்டார். டம்ளரை எடுத்தால் இலையின் முதுகில் வட்டமாக ஈரம் இருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொண்டே எடுத்துப் போய் மாட்டுக்குப் போடுவாள்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் அந்தப் படத்துக்கு ஷூட்டிங் நடந்தபோது, கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று அப்பாவையும் கூப்பிட்டார்கள். சும்மாவே அவருக்குப் பேச்சு அதிகம், அதன்பிறகு கேட்கவே வேண்டாம். "மொகத்துக்கு நேரா கேமராவ வச்சாக செல்வி, நான் கண்ணக் கூடச் சிமிட்டலையே" என்று போனில் ஒரே பெருமை. படம் வந்தால் ஊரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று வேன்காரரிடம்கூடச் சொல்லி வைத்துவிட்டார்.

படம் வரும்வரை அவர் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் அம்மா இலை போட்டுத் தண்ணீர் தெளித்துச் சோறு வைக்கப் போகும்போது யாரோ மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "செத்த இரு, வந்து சாப்பிடுறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்தது உடம்புதான். அந்த இலை சாயங்காலம்வரை அப்படியே விரித்த வாக்கில் கிடந்ததை நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகு அம்மா மத்தியானம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் ரெண்டு இட்லி, ராத்திரி கொஞ்சம் கஞ்சி. மத்தியானம் அடுப்புப் பக்கமே போக மாட்டாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், திட்டிப் பார்த்தோம். "அவுக பசியோட போனாக. நான் மட்டும் எப்புடி எல போட்டுத் திங்கிறது?" என்பாள், அதற்கு மேல் பேச்சு கிடையாது. என்னோடு காரைக்குடிக்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டேன். மாசாமாசம் நானே அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வந்தது. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற நான், அம்மாவின் ரிப்போர்ட்டை மட்டும் நம்ப மனமில்லாமல் திரும்பத் திரும்பச் சோதிப்பேன். இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று அப்படி ஒரு பயம்.

இந்த லட்சணத்தில்தான் படம் வந்தது. அப்பா ஆசைப்பட்டாரே என்று ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள், நானும் என் வீட்டுக்காரரும் காரைக்குடி தியேட்டரில் சேர்ந்துகொண்டோம். அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். நல்லவேளை வரவில்லை என்று நினைத்தேன், ஏனென்றால் படத்தில் அப்பா எங்குமே இல்லை. அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. கூட்டம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாகத் தேடித் தேடி எனக்குக் கண்ணே வலித்துவிட்டது. கதையா? வெளியூர் போன புருஷன் வரவில்லை, செத்துவிட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்தப் பெண் மட்டும் தினமும் மத்தியானம் அவனுக்கு இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். கடைசியில் கிணற்றடிக்குப் போய்க் குடத்தோடு திரும்பி வருகிறாள், கூடத்தைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், படம் முடிந்துவிட்டது! அவன் வந்தானா, அவளுக்குத்தான் புத்தி பிசகியதா, ஒன்றும் புரியவில்லை. தியேட்டரே கத்தியது. எங்கள் வேன் ஆட்கள்தான் ரொம்பவே கத்தினார்கள்.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். "அப்பாவையும் காணோம், கதையையும் காணோம். கடைசில ஒரு எல கெடக்குது, அவ சிரிக்கிறா, அம்புட்டுத்தான் படம்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "எல எப்புடிக் கெடந்துச்சு?"

"எலைதான், கெடந்துச்சு."

"விரிச்சுக் கெடந்துச்சா, மடிச்சுக் கெடந்துச்சா?"

"மடிச்சுத்தான் கெடந்துச்சு போல."

"மடிச்சிருந்தா எந்தப் பக்கம்?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம், உறவு தொடர வேண்டும் என்று. சாவு விழுந்த துட்டி வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்போம், இனி இப்படி ஒரு சாப்பாடு வரவே வேண்டாம் என்று. எங்கள் பக்கத்தில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அப்பாவின் முகத்தைத் தேடுகிற மும்முரத்தில் இலையை யார் பார்த்தார்கள்? அம்மா கீரையைத் தள்ளி வைத்தாள். "நான் அந்தப் படத்தப் பாக்கணும்" என்றாள். இத்தனை மாதத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே லீவு போட்டேன்.

பகல் காட்சி. தியேட்டரில் ஈ காக்கை இல்லை, மூலையில் ஒரு ஜோடி மட்டும் படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. அப்பாவைத் தேடுகிற வேலை இல்லாததால் இந்தத் தடவை நான் படத்தைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது, எவ்வளவு தவறவிட்டிருக்கிறேன்! நடுவில் ஒரு துட்டி வீட்டுப் பந்தி வருகிறது, வரிசையாக எல்லோரும் இலையை எதிர்ப்பக்கமாக மடிக்கிறார்கள், கேமரா அந்தக் கைகளையே நின்று காட்டுகிறது. போன தடவை அங்கே நான் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். டைரக்டர் படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார், நாங்கள்தான் கவனிக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

கடைசிக் காட்சி வந்தது. அந்தப் பெண் குடத்தோடு வருகிறாள், நிற்கிறாள். திரையின் ஓரத்தில் உட்காருகிற தடுக்கு, அதற்கு முன்னால் இலை. தடுக்கின் பக்கமாக மடித்திருந்தது. அவன் வந்திருக்கிறான். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் வருவேன் என்று மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதனால்தான் சிரிக்கிறாள்! புரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அது நல்ல படம் பார்த்தால் வருகிற சிலிர்ப்பு. அதுவரை எல்லாம் சரி.

அடுத்து நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் நம்பப் போவதில்லை. மடித்த இலையின் மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. எவர்சில்வர் டம்ளர். அந்தக் காலத்துக் கதை, வீடு முழுக்கப் பித்தளைச் சொம்பும் வெண்கலப் பானையுமாகக் காட்டிய படத்தில், பளபளவென்று ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அம்மா என் கையைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள். திரை இருண்டுவிட்டது.

நானாக எதுவும் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்று உள்ளே இருக்கிற லேப்காரி சொன்னாள். வெளியே வெயிலுக்கு வந்து நின்ற பிறகுதான் கேட்டேன். "என்னம்மா பாத்த?"

அம்மா வலது கையைக் குவித்து, அப்படியே கவிழ்த்துக் காட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. "சாப்பிட்டுட்டுத்தான் செல்வி போயிருக்காக. வாடி, வீட்டுக்குப் போவோம். பசிக்குது."

வீட்டுக்கு வந்து சோறு வடித்து, பருப்பைக் கடைந்து, எங்கள் இருவருக்கும் இலை போட்டாள். நான் சாப்பிட்டேனா, அவள் சாப்பிடுவதைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டாள். அழுகையை அடக்க முடியாமல் மிளகாயைக் கடித்துவிட்டதாகச் சொல்லிவைத்தேன்.

ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா? ஷூட்டிங்கில் அப்பாவோடு நன்றாகப் பழகிய உதவி இயக்குநர் ஒருவர் உண்டு, அப்பாவின் போனில் நம்பர் இருந்தது. பேசினேன். அப்பாவின் காட்சியை வெட்டியதற்கு ரொம்பவும் வருத்தப்பட்டார். கடைசிக் காட்சியில் டம்ளரை யார் வைத்தது என்று கேட்டேன்.

"டம்ளரா? எவர்சில்வரா? அப்படி ஏதாவது ஃப்ரேம்ல இருந்தா டைரக்டர் என்னை உயிரோட விட்டிருப்பாராக்கா?" என்று சிரித்தார். "அதுவும் இல்லாம அந்தக் காட்சிய உங்க ஊர்ல எடுக்கவே இல்ல. மழையில விட்டுப்போச்சு. அப்புறமா சென்னையில செட் போட்டு எடுத்தோம். உங்க அப்பா தவறிட்டாருன்னு எனக்கு போன் வந்துச்சே, அதுக்குப் பிறகு."

அப்பா சென்னைக்கே போனதில்லை.

பிறகு படம் ஓ.டி.டி.யில் வந்தது. என் வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கடைசிக் காட்சியைப் போட்டேன். இலை இருந்தது, தடுக்கின் பக்கமாகவே மடித்திருந்தது. டம்ளர் இல்லை. "ரெண்டு பேரும் ஒரே ஏக்கத்துல பாத்திருக்கீக, அதான்" என்றார் அவர். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அம்மாவிடம் போய் டம்ளரைக் காணோமே என்றேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "தண்ணி தவிச்சிருக்கும், எடுத்திருப்பாக" என்று சொல்லிவிட்டுத் தாளிக்கப் போய்விட்டாள். இப்போது மத்தியானச் சாப்பாட்டை ஒரு நாளும் விடுவதில்லை, ஹீமோகுளோபினும் நன்றாக ஏறிவிட்டது. அந்த ரிப்போர்ட்டை மடித்து என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தக் காட்சியை நிறுத்திவைத்து, டி.வி.க்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் விழுந்திருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர். திரையைத் துணியால் துடைத்துவிட்டும் பார்த்தேன், அடுத்தவர் போனில் போட்டும் பார்த்தேன், நேற்றுகூடப் பார்த்தேன். டம்ளர்தான் இல்லை. மடித்த இலையின் முதுகில் வட்டமாக ஈரம் இருக்கிறது.