ஏ-எல் வீரம்மா

வீரம்மா தரையில் கம்பளியை விரித்துப் புருஷனின் ரயில்வே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, வாடகைக்கு எடுத்த வீடியோ டேப்பில் மூழ்கியிருந்தார் இராமலிங்கம். ஆங்கிலப் படம். வில்லன் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினான். கதாநாயகியின் பேர், வீடு, வேலை எல்லாம் மாயம்.

“பார்த்தியா? ஒரே தட்டு, ஆளே இல்லாம போயிட்டா!”

“ஒரே தட்டுல எப்படிங்க? சிஸ்டம் டவுன் ஆகலையா? ஃபாரம் கேட்கலையா? ரெண்டு போட்டோ?”

கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கிள்ளானில் பக்கிரிசாமிக்கு மகளாகப் பிறந்தவள். மூன்று பிள்ளை பெற்றவள். ஐசி என்கிற அடையாள அட்டையை மாற்றப்போன அன்று, அவள் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவே, மகள் என்பதற்கான ‘ஏ-பி’ விழ வேண்டிய இடத்தில் எவரோ மகன் என்பதற்கான ‘ஏ-எல்’லைத் தட்டிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்தை மாற்ற ஆறு வருஷமாகப் பதிவு இலாகாவுக்கு நடக்கிறாள். அங்கே மட்டும் கம்ப்யூட்டருக்கு அவசரமே கிடையாது.

வருஷக் கடைசியில் இராமலிங்கம் ஓய்வு பெற்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். காஜாங்கில் மலிவு வீடு கேட்டுப் போட்ட மனு திரும்பி வந்திருந்தது: வீடு தம்பதிகளுக்கு, கேட்டிருப்பது இரண்டு ஆண்கள். புருஷன் நேரில் வந்து, இது என் மனைவி என்று கையெழுத்துப் போட்டால் போதுமாம். நாளைதான் கடைசி நாள். இதைச் சொன்ன வீடமைப்பு ஆபீஸ் கவுண்டர் பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே பேசியதால், சேலை கட்டி நின்றவளை ‘என்சிக்’, அதாவது ஐயா, என்றுதான் மரியாதையாக அழைத்தாள்.

“நாலு பேர் முன்னாடி நின்னு, என் பொண்டாட்டி பொம்பளதான்னு சொல்றதா? ரயில்வே பூரா சிரிக்கும் லா,” என்று காலையில் சொல்லியிருந்தார் இராமலிங்கம்.

படத்தில் கதாநாயகி தெருவில் அழுதாள். ஒருத்தருக்கும் அவளைத் தெரியவில்லை.

“பக்கத்து வீடே கிடையாதா இவளுக்கு? பாசார்ல மீன்காரன்கிட்ட ஒரு நாளாவது சண்டை போட்டிருப்பாள்ல, அவன் மறப்பானா? ஒரே ஒருத்தர் வந்து ‘எனக்குத் தெரியும், இவதான்’னு சொன்னா அரை மணியில படம் முடிஞ்சிரும்.”

“யாரும் வரமாட்டாங்க. அதான் கதை.”

“ஏன் வரமாட்டாங்க? காரணம் சொல்லணும்ல?”

“படம்னா அப்படித்தான். சும்மா பாரேன்.”

வீரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நாளைக்குக் கவுண்டருக்கு வரீங்கல்ல?”

படம் முடிந்திருக்கவில்லை. இராமலிங்கம் டேப்பை வெளியே எடுத்து டப்பாவில் போட்டார். சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு, “டியூட்டிக்கு நேரமாச்சு லா,” என்று பொத்தானைப் போட்டபடியே அறையை விட்டுப் போனார்.