அப்பாவின் தீப்பிடிக்காத பிளாஸ்டிக்

கரண்ட் கோளாறில் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து லயத்தின் வரிசைவீடுகள் எரிந்துபோனதிலிருந்து அப்பாவுக்குத் தீ என்றாலே குலைநடுக்கம். எங்கள் அடுப்புக்குப் பின்னால் இருந்தது பலகைச் சுவர். அதைப் பார்த்துப் பார்த்தே அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்.

ஈர விறகைப் பற்றவைக்க, எங்கள் பக்கம் பிளாஸ்டிக் துண்டு செருகுவது வழக்கம். தோட்டத்து ஆபிஸில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பின்மூடியை அப்பா அதற்காகத்தான் தூக்கிவந்தார். அதுவோ எரிய மறுத்தது. தீக்குச்சியை விலக்கியதும் சுடர் தானாக அணைந்தது. வேறு யாராவது என்றால் திட்டிவிட்டு வீசியிருப்பார்கள். அப்பாவுக்குச் சாமியே வீடு தேடி வந்த மாதிரி இருந்தது.

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும், லீவுக்கு வந்திருந்த என்னிடம் காரணம் கேட்டார்.

"அதுல தீத்தடுப்பு மருந்து கலந்திருக்குப்பா. சூடு ஏறினா அது சிதைஞ்சு ஒரு வாயுவை விடும். அது சுடரை அமுக்கிரும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அவர் நிற்கவில்லை. வாசலில் நின்று லயத்துக்கே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். சுடர் அணைந்தாலும் சூடு இருக்கும்வரை பிளாஸ்டிக் அரைகுறையாகச் சிதைந்துகொண்டே இருக்கும், வரும் புகை இன்னும் மோசம் என்ற மீதிப் பாடத்துக்கு மாணவர் இல்லை.

"அடுப்புல மட்டும் போட்றாதீங்க" என்று கத்தினேன்.

"போட மாட்டேன் புள்ள."

சொன்ன சொல் தவறவில்லை. நான் பஸ் ஏறியதும், சுவரைக் காப்பாற்ற அதை அடுப்பை ஒட்டிப் பலகையில் ஆணியடித்துவிட்டார்.

வந்தவர்களுக்கெல்லாம் தீக்குச்சி கிழித்துக் காட்டினாராம். மழைநாட்களில் அடுப்பு ஓயாமல் எரிந்தது. மூடி இளகி, நெளிந்து, புகைந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. கண் எரியுது, தொண்டை கரிக்குது என்றவளிடம், விறகு ஈரம் என்று தீர்ப்பு சொன்னார் அப்பா. ஒரு காலை அவளால் மூச்சே எடுக்க முடியவில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வீட்டில் தீப்பிடித்ததா என்று டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. அது தீயே பிடிக்காதுங்க" என்றார் அப்பா, அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அம்மாவின் முதுகை விடாமல் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை. அம்மா செத்துப்போவாளோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் இழுப்பு கொஞ்சம் அடங்கியதும் அம்மா மூச்சுக்குப் போட்டிருந்த மாஸ்க்கை விலக்கினாள்.

"வீடு தீப்பிடிக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார் அப்பா.

"பிடிச்சிருந்தா நான் வெளிய ஓடியிருப்பேங்க" என்றாள் அம்மா.