உங்களிட்டை மட்டும்தானே சொன்னனான்

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கணவரிடம் அடிவாங்கிய ஒரு பெண் என்னிடம் மனம்விட்டுக் கதைத்தார். அறிக்கையை விரைவாக முடிக்க, அவருடைய பெயர், ஊர் உட்பட எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தேன். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கணக்கில்தான் அதைப் பாவிக்கிறோம் என்பதை நினைக்கவேயில்லை.

மறுமுறை அவர் வந்தபோது, அந்தக் கணக்கில் நான் எழுதியதை வாசித்திருந்த சக ஊழியர் ஒருவர் பரிவோடு, "மனிசன் இப்பவும் கை நீட்டுறவரோ?" என்று கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அக்கா, உங்களிட்டை மட்டும்தானே சொன்னனான்?"

கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். பிறகு வரவேயில்லை.

இப்போது சம்மதம் கேட்காமல் யாருடைய கதையையும் அந்தச் செயலியில் கொடுப்பதில்லை. பெயரும் ஊரும் ஒருபோதும் இல்லை. அலுவலகத்திலும் தனித்தனிக் கணக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் இனி யாரிடம் வாய்திறப்பாரோ, தெரியவில்லை.